பாட்டி பிறந்த நாடு எது? கொல்லிமலைக் குடும்பங்கள் முன்னோரைத் தேடப் பயனுள்ள குறிப்புகள்

செம்மேட்டிலிருந்து நாமக்கல்லுக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்ட பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எங்க தாத்தாவுக்குத் தாத்தா பேரு என்ன? பழைய சென்சஸ்ல பார்த்தா கிடைக்காதா?" பேரப்பிள்ளைக்குச் சாதிச் சான்று வாங்க அலைந்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். எங்கே தேடினால் கிடைக்கும், எங்கே தேடுவது வீண் என்று தெரிந்தால் பஸ் காசும் மிச்சம், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் அலுப்பும் மிச்சம்.

1. சென்சஸில் தாத்தா பெயர் கிடைக்கும் என்ற ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். 1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாக எழுதினார்கள், உண்மை. ஆனால் எண்ணிக்கை எடுத்து முடிந்ததும் அந்தத் தாள்களைக் காப்பாற்றி வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. போதாக்குறைக்கு, 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனி ஆள் விவரத்தை யாருக்கும் காட்டக்கூடாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் எடுக்கக்கூடாது என்கிறது. இங்கிலாந்தில் நூறு வருஷம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921 தாள்கள் 2022-ல் வெளிவந்தன. அமெரிக்காவில் 72 வருஷம். லண்டன்காரர் தன் பாட்டனாரைச் சென்சஸில் கண்டுபிடித்த கதையைக் கேட்டுவிட்டு நாமும் கிளம்பினால் ஏமாற்றம்தான்.

2. அதற்காகச் சென்சஸ் புத்தகங்களை ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1951-லிருந்து மாவட்டவாரியாகக் கையேடு போட்டிருக்கிறார்கள். அதில் ஊர்ப் பெயர், வீடு எத்தனை, ஆள் எத்தனை என்பதெல்லாம் இருக்கும். கொல்லிமலைக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் கிராமம் என்று வருவது உங்கள் பட்டி அல்ல, நாடு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று மலையில் 14 நாடுகள். பட்டிப் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. "நாங்க எந்த நாடு?" என்பதைப் பெரியவர்களிடம் உறுதி செய்துகொண்டு பிறகு புத்தகத்தைத் திறக்கவும். பழைய கையேடுகளும் அறிக்கைகளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

3. மாவட்டம் மாறியதை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ஆம் தேதிதான். அதற்கு முந்தைய தாள் எல்லாம் சேலம் மாவட்டம். அதற்கும் முன்னால் 1910-ல் நாமக்கல் தாலுகா திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குப் போய், பிறகு சேலத்துக்கே திரும்பியது. மலையின் ஒரு பகுதி ஆத்தூர் தாலுகாவோடு இருந்த காலமும் உண்டு. ஆகவே சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் "சேலம்" கட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது, "திருச்சி" கட்டையும் கேட்க வேண்டும்.

4. கல்யாணப் பதிவு என்று ஒன்று தாத்தா காலத்தில் இருந்திருக்கும் என்று நம்பித் தேடாதீர்கள். தமிழ்நாட்டில் எல்லாரும் கல்யாணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் 2009-ல்தான் வந்தது. அதற்கு முன் இருந்த 1955 இந்துத் திருமணச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழியப் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதன் 2-ஆம் பிரிவிலேயே அப்படி எழுதியிருக்கிறது. நம் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் கல்யாணம் பரிசம் போட்டு, ஊர்க்கவுண்டர் முன்னிலையில், பெரியவர்கள் சாட்சியாக முடிந்த கல்யாணம். சார்பதிவாளர் ஆபீசில் அதற்குத் தாள் இருக்காது. ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

5. எனவே முதலில் போக வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ் இல்லை, வீட்டிலேயே மூத்த பெண்மணியின் திண்ணை. ஆண்களைக் கேட்டால் அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று நேர்கோட்டில் நாலு பெயர் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எந்த வீட்டுக்கு எந்த நாட்டிலிருந்து பெண் வந்தது, யார் வீட்டில் பெண் கொடுத்தோம், எந்தக் குலத்தில் எடுக்கக்கூடாது என்பதெல்லாம் பெண்களின் கணக்கில்தான் இருக்கிறது. சம்பந்தம் பேசும்போது பங்காளி முறையா மாமன் மச்சான் முறையா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய மூளை அது. அதுதான் நம் ஊர் கல்யாணப் பதிவேடு என்பேன்.

கேட்கும் விதம் முக்கியம். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு "உங்க மாமனாரோட அப்பா பேர் என்ன?" என்று கேட்டால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும் கண்ணு" என்று பதில் வரும். மாமனார் பெயரைச் சொல்ல வயதான பெண்கள் கூச்சப்படுவதும் உண்டு. பக்கத்தில் இருக்கும் சின்னப் பையனைச் சொல்லச் சொல்வார்கள். அதனால் வேறு மாதிரி தொடங்குங்கள். "ஆயா, நீங்க கல்யாணம் ஆகி வந்தப்ப இந்த வீட்டுல யார் யாரு இருந்தாங்க? உங்களுக்கு யாரு பரிசம் கொண்டு வந்தது? தாய்மாமன் சீரு எந்த ஊருல இருந்து வந்துச்சு? உங்க நாத்தனாரை எங்க கட்டிக் கொடுத்தாங்க?" இப்படிக் கேட்டால் ஒரு பெயருக்குப் பதில் எட்டுப் பெயர் வரும். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்களிடம் சொல்லிவிட்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க நினைக்காதீர்கள். ராகி புடைக்கும்போது ஒன்று, சாமி கும்பிடும்போது ஒன்று என்று நினைவு வரும்.

6. அடுத்தது மொய் நோட்டு. அலமாரி மேல் தட்டில், பத்திரங்களோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று விசேஷத்துக்கு ஒன்று இருக்கும். முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்த பிள்ளையார் சுழி, நாள், நட்சத்திரம். பிறகு ஊர், பெயர், தொகை. பழைய நோட்டாக இருந்தால் ரூபாய்க்குப் பதில் "சாமை 1 வள்ளம்" என்றுகூட வரலாம். இதை வெறும் கடன் கணக்காகப் பார்க்காதீர்கள். ஊர்வாரியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். எந்தப் பட்டியிலிருந்து கூட்டமாக வந்து எழுதியிருக்கிறார்களோ, அங்கே உங்களுக்குச் சம்பந்தம் இருக்கிறது. முதல் நாலைந்து வரிக்குள் வரும் பெயர்கள் பெரும்பாலும் தாய்மாமன் வகையும் நெருங்கிய பங்காளிகளும்தான். "இன்னார் மகன் இன்னார்" என்று எழுதியிருந்தால் ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். உங்கள் வீட்டு நோட்டு செல்லரித்துப் போயிருந்தாலும் கவலை வேண்டாம், மாமன் வீட்டு நோட்டைக் கேளுங்கள். நீங்கள் செய்த மொய் அங்கே எழுதியிருக்குமே.

7. தேதி இல்லாத தாளுக்கு வயது கண்டுபிடிக்கச் சில சின்ன வழிகள்:

தொகை ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியது. அல்லது புதுப் பைசாவுக்குப் பழகாத ஒருவர் சற்றுப் பின்னால் எழுதியது. பத்திரிகையில் "சென்னை ராஜ்யம்" என்று இருந்தால் 1969-க்கு முன். முகவரியில் 6 இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். அச்சில் "லை", "ணை" எழுத்துகள் தலைமேல் துதிக்கை வைத்த பழைய வடிவில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய அச்சு எழுத்தைத் தூக்கிப் போட மனம் வராத பிரஸ்காரர்கள் சில வருஷம் இழுத்திருப்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள். முத்திரைத்தாளில் இருக்கும் ராஜா படமும் உதவும்: ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910க்கும் 1936க்கும் இடைப்பட்ட காலம்.

8. தமிழ் வருஷப் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், உடனே இங்கிலீஷ் வருஷமாக மாற்றாதீர்கள். 60 வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். "சர்வதாரி வருஷம் பொறந்தவர்" என்றால் 1948ஆ, 1888ஆ? அவருடைய மூத்த பிள்ளையின் வயதை வைத்துத்தான் தீர்க்க முடியும். தாது வருஷப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் அது 1876-77. 1936-37ம் தாதுதான், ஆனால் பஞ்சக் கதை முன்னதைச் சேர்ந்தது. வருஷமே தெரியாதவர்களிடம் "மலைக்கு ரோடு வர்றதுக்கு முன்னாலயா பின்னாலயா? எம்.ஜி.ஆர். செத்தப்ப உங்க பையன் நடந்தானா?" என்று கேட்டால் போதும்; எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர்.

9. பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்தவர் யாராவது வீட்டில் இருந்தால் அங்கே தலைமையாசிரியரைப் பாருங்கள். தகப்பனார் பெயர், ஊர், சாதி எல்லாம் அதில் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். அது பல நேரம் வாத்தியார் கொடுத்த பிறந்த நாள். ஒரே வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்திருந்தால் காரணம் உங்களுக்கே புரியும்.

10. பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் பழைய பதிவுகளில் "ஆண்", "பெண்" என்று மட்டும்தான் இருக்கும். தகப்பனார் பெயர், நாடு, ஏறக்குறைய எந்த வருஷம் என்று கேளுங்கள். முன்னும் பின்னும் 3 வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பதிவேடு வி.ஏ.ஓ. கையில் தொடங்கித் தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் என்று நகர்ந்திருக்கும். ஒரு இடத்தில் "இல்லை" என்றால் அடுத்த இடத்தில் கேளுங்கள். பிறப்பைவிட இறப்புப் பதிவு பயன் அதிகம், வயது போட்டிருப்பார்கள்.

11. நிலத்தாள். இதில் பொறுமையாக உட்கார்ந்தால் பலன் உண்டு. இன்றைய பட்டா, சிட்டாவில் தொடங்கிப் பின்னால் போங்கள். 1979-ல் தொடங்கி 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் (யு.டி.ஆர்.) அ-பதிவேடு, அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு என்று சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் தாத்தாவின் அப்பா பெயரில் போய் நிற்கலாம். யு.டி.ஆர். பதிவேட்டில் எழுத்துப் பிழைகள் ஏராளம். பெயர் மாறியிருந்தால் நிலம் வேறு ஆளுடையது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

வீட்டில் பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். சொத்து யாருடையது, அவருக்கு எத்தனை மனைவி, எத்தனை பிள்ளை, யார் வாரிசில்லாமல் இறந்தார் என்பதையெல்லாம் பத்திரம் எழுதுபவர் பத்தி பத்தியாக எழுதியிருப்பார். சண்டை போட்டுப் பிரிந்த குடும்பம்தான் வம்சாவளியை நன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது! ஒற்றுமையாக இருந்த வீட்டில் ஒரு தாளும் கிடைக்காது.

இணையத்தில் பார்க்கும் வில்லங்கச் சான்று பொதுவாக 1975-க்குப் பின்னால்தான். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் ஆபீசில் மனுப் போட்டு, கையால் எழுதிய அட்டவணையில் தேட வேண்டும். பெயர்வாரி அட்டவணையும் உண்டு, சொத்துவாரி அட்டவணையும் உண்டு. பெயர்வாரியைக் கேளுங்கள்.

12. பழைய வாக்காளர் பட்டியல். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களை எல்லாரும் தேடினார்களே, அவை முன்னோர் தேடுகிறவர்களுக்கும் உதவும். வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது என்று இருப்பதால் ஒரே வீட்டில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். பழங்குடியினருக்கான தனித் தொகுதியான சேந்தமங்கலத்தின் கீழ் பாருங்கள்.

13. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் இந்தக் குறிப்பு. கொல்லிமலைக்கு 1913-ல் வந்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதி வாழவந்தியில் தங்கி ஊழியம் செய்தார்கள். தொழுநோய் அறுவை சிகிச்சையில் பெயர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்கள் மகன்தான், சிறுவயதில் இந்த மலையில் வளர்ந்தவர். ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் தள்ளாத வயதிலும் குதிரையில் மலை மலையாகச் சுற்றி 1974-ல் இறந்தார். இருவர் கல்லறையும் இங்கேதான். இவர்கள் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, வளர்ந்து தாமாக ஏற்றபின்தான். எனவே ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி என்று எழுதிவிடாதீர்கள். சபையின் கல்யாணப் பதிவேடு 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எழுதியது என்றால், மணமகன், மணமகள் வயது, ஊர், இருவர் தகப்பனார் பெயர், சாட்சிகள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். மலையில் அந்தக் காலக் கல்யாணத்துக்குத் தாளாக எஞ்சியது என்று பார்த்தால் அநேகமாக இது ஒன்றுதான்.

14. பழைய புத்தகங்கள்: லெ ஃபனு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு (1883), தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் (1909), ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் (1918). காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர் சேர்வராயன் மலைக்கும் ஒருவர் கொல்லிமலைக்கும் ஒருவர் பச்சைமலைக்கும் போனார்கள் என்ற மலையாளிகளின் கதையைத் தர்ஸ்டனும் சொல்கிறார், உங்கள் தாத்தாவும் சொல்வார். யார் எந்த மலை என்பது மட்டும் சொல்பவரைப் பொறுத்து மாறும். கதையைத் தனிப் பக்கத்தில், சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். வம்சாவளிப் படத்தின் உச்சியில் அந்த மூவரையும் உட்கார வைத்துக் கோடு இழுக்க வேண்டாம்; நடுவில் எத்தனை தலைமுறை என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளைக்கார அதிகாரிகள் மலைச் சடங்குகளைப் பற்றி எழுதியதையும் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள். பலவற்றைக் கீழ்நாட்டு ஆட்கள் சொல்லக் கேட்டுத்தான் எழுதினார்கள்.

15. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் குழம்பாதீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெரியண்ணன் மகன் பொன்னுசாமி மகன் பெரியண்ணன் என்று வரும்போது இரண்டு பெரியண்ணன்களையும் ஒருவராக்கிவிடும் தவறு எளிதாக நேரும். ஒவ்வொருவருக்கும் மனைவி பெயரையும் அவள் பிறந்த நாட்டையும் பக்கத்தில் போட்டால் தீர்ந்தது. பெரியண்ணன் (தேவனூர் நாட்டுப் பெண்), பெரியண்ணன் (ஆலத்தூர் நாட்டுப் பெண்) என்று.

16. இரண்டாம் தாரம், அறுத்துக் கட்டியது, தீர்த்துவிட்டது எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மலையில் இது கௌரவக் குறைச்சல் இல்லை. கீழே வந்து படித்த பிள்ளைகள்தான் கூச்சப்பட்டுக் கோட்டை அழிக்கிறார்கள். பிறகு எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்கு என்பது தெரியாமல் முறையே மாறிப்போகும்.

17. சான்றுக்காகத் தேடுகிறவர்கள் கவனிக்க: எஸ்.டி. பட்டியலில் மலையாளி என்ற பெயர் மாவட்டத்தோடு சேர்த்தே இருக்கிறது. பழைய சேலம் மாவட்டத்தில் உங்கள் குடும்பம் இருந்ததற்கான தாள் கையில் இருப்பது நல்லது. 1989-க்குப் பின் எஸ்.டி. சான்று கொடுப்பவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். சித்தப்பா, அத்தை என்று தந்தைவழியில் முன்பே சான்று வாங்கியவர்களின் நகலைச் சேர்த்து, நடுவில் உறவைக் காட்டும் வம்சாவளிப் படத்தையும் வைத்துக் கொடுங்கள். காட்டு நில உரிமை கேட்பவர்களுக்கும் இந்தப் படம் பயன்படும்: வன உரிமைச் சட்ட விதிகளில் 13-ஆவது விதி, பழைய ஆவணத்தில் பெயர் உள்ளவரோடு உறவைக் காட்டும் வம்சாவளியையும், ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிய வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்கிறது. 5-ஆவது குறிப்பில் ஆயா சொன்னதை எழுதி, தேதி போட்டு, கைநாட்டு வாங்கி வைத்தால் அது கதை மட்டும் இல்லை.

18. "ரெக்கார்டு இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். "என் முன்னோர் விவரம் தரவும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தப் பதிவேடு, எந்த நாடு, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

19. கடல் கடந்தவர்கள். சேலம் ஜில்லாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் நிறைய. குடும்பத்தில் "ஒருத்தர் போனவர் திரும்பலை" என்ற பேச்சு இருந்தால் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியலைப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை போன ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதியிருக்கிறது. உள்ளூரில் இருந்த அண்ணனுக்கு ஒரு தாளும் இல்லை, ஊரை விட்டுப் போன தம்பிக்கு எல்லாம் இருக்கிறது! மொரீஷியஸ் போனவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஆவணங்கள் உண்டு.

20. கிடைத்த தாளைக் காப்பாற்ற: லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை சில வருஷத்தில் பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிட்டு, மடிப்பைப் பிரித்து, வெள்ளைக் காகிதத்துக்கு நடுவில் படுக்க வைத்து அட்டைப் பெட்டியில் வையுங்கள். மலை ஈரத்துக்குப் பிளாஸ்டிக் கவர் ஆகாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து பெட்டியில் போடலாம், தாளின் மேல் நேராகப் போட்டால் கறை படும். பின்பக்கம் குறிப்பு எழுதுவதானால் பென்சில்தான். வெயிலில் காயவைக்காதீர்கள். படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து, அண்ணன் தம்பி எல்லார் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு போன் உடைந்தாலும் இன்னொன்றில் இருக்கும்.

21. 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. ஆள் வந்து எழுதிக்கொண்டு போன அன்று ராத்திரியே, அவரிடம் சொன்ன அதே விவரத்தை வீட்டு நோட்டில் நீங்களும் எழுதிவிடுங்கள்: வீட்டில் உள்ளவர் பெயர், வயது, பிறந்த ஊர், அம்மா பிறந்த நாடு, குலம். அரசாங்கத்துத் தாள் உங்கள் பேரனுக்குக் கிடைக்காது. நோட்டு கிடைக்கும், எலி தொடாத இடத்தில் வைத்தால்.